நகைக்கு ஐந்தாம் நிலைக்களன்: முன்னேறாமை

பாயிரம்

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வரையறுத்தார்: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பழைய நகைச்சுவைத் தொடர்களை இந்நான்கில் அடக்குவது எளிது. அமைச்சரை நீண்ட வாக்கியங்களில் மூழ்கடிக்கும் 'யெஸ் மினிஸ்டர்' அதிகாரி சர் ஹம்ஃப்ரி எள்ளலுக்கு எடுத்துக்காட்டு. ஹிட்லரை எதிர்த்து நிற்கும்போதும் அம்மா சுற்றிவிட்ட மஃப்ளரைக் கழற்றாத 'டாட்ஸ் ஆர்மி' இளைஞன் பைக், இளமைக்கு. சொன்னது விளங்காமலே தலையாட்டிவிட்டு ஓடும் 'ஃபால்ட்டி டவர்ஸ்' விடுதியின் பார்சலோனா பணியாள் மேனுவல், பேதைமைக்கு. எந்த ஆபத்திலும் தன்னிடம் ஒரு தந்திரம் உண்டென்று முன்வரும் 'பிளாக்ஆடர்' வேலையாள் பால்ட்ரிக், மடமைக்கு.

இவ்வளவோடு கட்டுரை முடிந்திருக்க வேண்டும். ஆயினும் நான்கிலும் அடங்காத ஓர் எச்சம் நிற்கிறது. இத்தொடர்களின் நாயகர்கள் முதல் எபிசோடில் நின்ற இடத்திலேயே கடைசி எபிசோடிலும் நிற்கிறார்கள். அதைப் பார்த்து அரை நூற்றாண்டாக உலகம் சிரிக்கிறது. எனவே முன்னேறாமை என்பதை ஐந்தாம் நிலைக்களனாகச் சேர்க்க வேண்டுமென்று இவ்வாய்வு முன்மொழிகிறது. தொல்காப்பியர் காலத்தில் பிபிசி இல்லாமையால் இக்குறை அவருடையதாகாது.

ஆய்வுக்களம் வீட்டுக் கூடம். ஆய்வுக்கருவி ரிமோட். ஆய்வு நெறியாளர் எவரும் இலர். முன்னேறாமை மூன்று விதிகளால் இயங்குவதாக இவ்வாய்வு கண்டது.

முதல் விதி: நாயகன் தான் ஒரு படி மேலே நிற்பதாக நம்புவான்

'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் பேசில், டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் விடுதி நடத்துபவன். விருந்தினர் வருவதே தன் விடுதியின் தரத்துக்கு இழுக்கு என்பது அவன் கொள்கை. 1975இல் வந்த முதல் எபிசோடிலேயே பிரபு ஒருவர் வந்து இறங்க, பேசில் காலில் விழாத குறை. வந்தவர் பிரபு அல்லர், மோசடிக்காரர் என்பது பின்னர் தெரிகிறது. இப்பாத்திரத்துக்கு மூலம் உண்டு. 1970இல் மாண்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவினர் டார்க்கியில் ஒரு விடுதியில் தங்கினர். அமெரிக்கரான டெரி கில்லியம் முள்கரண்டி பிடித்த விதத்தை விடுதிக்காரர் கண்டித்தார். எரிக் ஐடிலின் பெட்டிக்குள் டிக்டிக் எனக் கேட்ட அலாரக் கடிகாரத்தை வெடிகுண்டென்று கருதிப் பெட்டியை மதிலுக்கு அப்பால் வைத்தார். மற்றவர்கள் வேறு விடுதிக்கு மாறிவிட்டனர். பின்னாளில் பேசிலாக நடித்த ஜான் கிளீஸ் மட்டும் தங்கினார். நல்ல ஆய்வாளர் களத்தை விட்டு ஓடுவதில்லை என்க.

'டாட்ஸ் ஆர்மி' (1968–1977) இவ்விதியை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. 1940இல் ஜெர்மானியர் படையெடுப்பை எதிர்பார்த்து, படையில் சேர வயது கடந்தவர்களையும் எட்டாதவர்களையும் கொண்டு அமைந்த உள்ளூர்க் காவற்படையே இதன் களம். எழுதிய இருவரில் ஜிம்மி பெர்ரி சிறுவயதில் அப்படையில் இருந்தவர். வங்கி மேலாளர் மெய்ன்வாரிங் தன்னைத் தானே கேப்டன் ஆக்கிக்கொள்கிறார். வங்கியில் அவருக்குக் கீழிருக்கும் வில்சன் சார்ஜன்ட் ஆகிறார். ஆனால் பிறப்பாலும் பேச்சாலும் பெரிய இடம் வில்சனுடையது. கட்டளையிடுபவர் கூச்சப்பட, கீழ்ப்படிபவர் நிம்மதியாக இருக்கிறார். இங்கிலாந்தின் வர்க்கப் படிக்கட்டு முழுவதையும் இரண்டு சீருடைகளில் மடித்து வைத்ததுபோல் இது. 80 எபிசோடுகள் போய்விட்டன. மெய்ன்வாரிங் ஒரு படியும் ஏறவில்லை.

இரண்டாம் விதி: விட்டுப் போக முடியாத ஒருவர் உடன் இருப்பார்

ஒருவன் முன்னேறாதிருக்கத் தடை வேண்டும். அத்தடை வறுமையாகவோ ஊழாகவோ இருந்தால் பார்ப்பவர்க்கு அழுகை வரும். ஆகவே இத்தொடர்கள் குடும்பத்தைத் தடையாக வைத்தன.

பழைய சாமான் வாங்கி விற்கும் அப்பன், மகன் கதை 'ஸ்டெப்டோ அண்ட் சன்'. ரே கால்ட்டனும் ஆலன் சிம்ப்சனும் எழுதினர். 1962இல் வந்த முதல் கதையில், மகன் ஹரால்ட் அப்பனை விட்டுப் போகத் துணிந்து தன் சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர அப்பன் மறுக்கிறான். ஹரால்ட் தானே இழுக்கிறான், வண்டி நகரவில்லை. அந்த வண்டி 1974 வரை நகரவில்லை. நகை எது, அழுகை எது என்று பிரிக்க இயலாத எல்லை இது.

இதன் அரசியல் விளைவும் கருதத்தக்கது. 1964 அக்டோபர் 15, பொதுத்தேர்தல் நாள். அன்று மாலை 'ஸ்டெப்டோ' ஒளிபரப்பானால் தம் வாக்காளர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவர் என்று தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் கவலைப்பட்டார். பிபிசி நேரத்தைத் தள்ளி வைத்தது. தொழிற்கட்சி 4 இடப் பெரும்பான்மையில் ஆட்சிக்கு வந்தது. காரண காரியத் தொடர்பை நிறுவும் பொறுப்பை அரசியல் அறிஞர்களிடம் விடுகிறோம்.

மூன்றாம் விதி: முன்னேறினாலும் முன்னேறியதாகாது

'யெஸ் மினிஸ்டர்' தொடரில் ஜிம் ஹேக்கர் அமைச்சராக இருந்து பிரதமரே ஆகிவிட்டாரே, உமது நிலைக்களன் என்னாயிற்று எனின், பதவி உயர்ந்தது, ஆள் உயரவில்லை என்பது விடை. 1980இல் எந்த அதிகாரி அவரை ஆட்டிவைத்தாரோ, அதே ஹம்ஃப்ரி 1988 வரை கூடவே வந்து ஆட்டிவைத்தார். ஓர் எபிசோடில் ஒரு மருத்துவமனை வருகிறது. அதில் நிர்வாக ஊழியர்கள் 500 பேர், நோயாளி ஒருவரும் இல்லை. நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் மருத்துவமனைகளில் ஒன்று என்று அதற்கு நற்பெயர். இத்தொடரை மிகவும் விரும்பியவர் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர். 1984இல் நடிகர்களோடு சேர்ந்து ஒரு குறுநாடகத்தில் தாமே நடித்தார். பரிசோதனைக்கூட எலி ஆய்வாளரைப் பாராட்டியது அறிவியல் வரலாற்றில் இதுவே முதல்முறை.

'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' இன்னும் வலிய சான்று. லண்டனின் பெக்கம் பகுதியில், மூன்று சக்கர மஞ்சள் வண்டியில் சரக்கு விற்கும் டெல் பாய், அடுத்த ஆண்டு கோடீஸ்வரனாவேன் என்று 1981 முதல் சொல்லிவந்தான். 1996 கிறிஸ்துமஸ் காலத்தில் பழைய சாமான்களுக்குள் கிடந்த ஒரு கைக்கடிகாரம் ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்குப் போக, சொன்னபடியே ஆனான். அன்று பார்த்தவர்கள் 2.43 கோடி பேர். அத்துடன் கதையை முடித்திருந்தால் இவ்வாய்வு தோற்றிருக்கும். 2001இல் தொடர் திரும்பி வந்தது. முதல் வேலையாகப் பணம் முழுவதும் பங்குச்சந்தையில் போயிற்று. டெல் பாயும் அவன் தம்பியும் பழைய குடியிருப்புக்கே திரும்பினர். விதி காப்பாற்றப்பட்டது.

மறுப்பும் விடையும்

முன்னேறாமையே போதுமெனில் திண்ணையில் தூங்குபவனும் சிரிப்பூட்டுவானே எனின், அற்று அன்று. முன்னேறாமை வேறு, முயலாமை வேறு. பேசில் தன் பழுதான காரை மரக்கிளையால் அடித்துத் திருத்த முயன்றவன். அந்த முயற்சிதான் நகை.

இவ்விதி கடல் தாண்டினால் தளரும் என்பதும் அறிக. 'தி ஆபீஸ்' தொடரின் பிரிட்டிஷ் நாயகன் டேவிட் பிரெண்ட், இரண்டாம் பருவத்தின் முடிவில் வேலையை இழந்தான். சிறப்பு எபிசோடுகளையும் சேர்த்துக் கணக்கு 14. அமெரிக்கப் படியில் அவனுக்கு நிகரான மேலாளர், காதலி கிடைத்து, நல்லபடியாக ஊர் மாறிப் போனார், மொத்த எபிசோடுகள் 201. முன்னேற்றம் நீளமானது, முன்னேறாமை சுருக்கமானது என்பது இதனால் பெறப்படும். 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975இல் 6, 1979இல் 6, ஆக 12 எபிசோடுகளோடு நின்றது. 2000இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் வாக்கெடுப்பில் எல்லா நிகழ்ச்சிகளையும் தாண்டி முதலிடம் பெற்றது.

சிரிப்பு ஏற்றுமதியாகும், சிரிக்கப்படும் ஆள் ஏற்றுமதியாகமாட்டான் என்பது கிளைவிதி. ஸ்பெயினில் மேனுவலை இத்தாலியனாக மாற்றித்தான் காட்டினர். 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' இந்தியில் 1993இல் 'ஸபான் ஸம்பால்கே' ஆயிற்று. 'யெஸ் மினிஸ்டர்' 2001இல் ஃபரூக் ஷேக் நடிக்க 'ஜி மந்த்ரிஜி' ஆயிற்று. ஹம்ஃப்ரியை மொழிபெயர்க்க மட்டும் இங்கே சிரமம் இருந்திராது.

முடிபு

இறுதிச் சான்று 'பிளாக்ஆடர்'. நான்கு பருவங்களில் நாயகன் எட்மண்டின் வம்சம் இளவரசன், பிரபு, அரண்மனைப் பட்லர், பதுங்குகுழிக் கேப்டன் என இறங்கிக்கொண்டே வருகிறது. 1989இல் ஒளிபரப்பான கடைசிக் காட்சியில் முதல் உலகப்போர்ப் பதுங்குகுழியில் முன்னேறச் சொல்லிக் கட்டளை வருகிறது. தப்பிக்கும் வழியெல்லாம் அடைபட்டு, அவன் உண்மையாகவே முன்னேறுகிறான். அந்தக் கணத்தில் நகை நின்றுவிடுகிறது. இதற்குமேல் நிறுவ ஒன்றுமில்லை.

வேலையில், வீட்டில், வரிசையில் நின்ற இடத்திலேயே நிற்கும் நமக்கு, நம்மைவிட அதிகம் முயன்றும் நம் பக்கத்திலேயே நிற்கும் ஒருவனைக் காண்பதில் ஆறுதல் உண்டு. இத்தொடர்கள் பழசாகாததற்குக் காரணம் அதுவே. ஐயமுள்ளோர் 'ஃபால்ட்டி டவர்ஸ்' முழுவதையும் பார்க்கலாம். ஆறு மணி நேரம்தான் ஆகும். பிறகு மறுப்பு எழுதலாம். மறுப்புக்கு மறுப்பு எழுதும் எண்ணம் ஆய்வாளருக்கு இல்லை, அது முன்னேற்றமாகிவிடும்.