எதை மீட்கிறார்கள்?

கேள்வி: வக்கீல் நோட்டீஸில் ‘தாம்பத்திய உரிமை மீட்பு’ என்கிறார்களே, எதை மீட்கிறார்கள்?

பதில்: அடகு நகையை அல்ல, கோபித்துக்கொண்டு போன துணையை! இங்கிலாந்தின் சர்ச் நீதிமன்றங்களில் பிறந்து, கப்பலேறி இங்கே வந்த சரக்கு இது. 1887-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கணவனுடன் வாழ மறுத்த ருக்மாபாய் என்ற பெண்ணிடம், ‘கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை’ என்றது. கல்யாணம் நடந்தபோது அவருக்கு 11 வயது. சிறைக்கே போகிறேன் என்றார் மனுஷி! அடுத்த வருடம் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கணவர் ஒதுங்க, ருக்மாபாய் லண்டன் போய் டாக்டருக்குப் படித்தார்.

1970-இல் இங்கிலாந்தே இந்த மீட்பு வழக்கைத் தலைமுழுகிவிட்டது. நாம்தான் இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவில் பத்திரமாக வைத்திருக்கிறோம். சேர்ந்து வாழச் சொல்லி உத்தரவு வந்தும் ஓராண்டு சேராவிட்டால், அதையே காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்பது கூடுதல் வசதி!