வீட்டுப் பரோட்டா

மாலையானால் கம்பம் கடைவீதியில் கொத்துப் பரோட்டாச் சத்தம்தான். அந்த ஊரில் மச்சான் வீட்டிலேயே பரோட்டா வீசக் கிளம்பினார். பிசைந்த மைதா எண்ணெயில் நன்றாக ஊறினால்தான் கிழியாமல் விரியும். பொறுமைக்கும் மச்சானுக்கும் ஏழாம் பொருத்தம். பத்தே நிமிஷத்தில் வீச்சு. முதல் உருண்டை மிக்ஸி மேல் விழுந்தது. அடுத்தது கிழிந்து முழங்கையில் தொங்கியது.

“பேசாம சப்பாத்தின்னு சொல்லிருங்க” என்றாள் அக்கா.

அது அத்தனை சுலபமில்லை. பாக்கெட் பரோட்டா ரொட்டி வகையில் சேராது, 18 சதவீத ஜிஎஸ்டி கட்டு என்று 2020-ல் கர்நாடகத்தில் தீர்ப்பே வந்தது. மச்சானுடையதை எந்த அதிகாரியும் எந்த வகையிலும் சேர்த்திருக்க மாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் ரொட்டி, பரோட்டா இரண்டுக்கும் அந்த வரி கிடையாது.

சால்னா கடையில் வாங்கியது. அது பிரமாதம்.