சுசர்மா அண்ட் பிரதர்ஸ்

மயிலாப்பூர் சபாக்களில் பாரத உபன்யாசம் போரின் 12-ஆம் நாளைத் தொட்டதும் பாகவதருக்கு அவசரம் வந்துவிடும். அடுத்து அபிமன்யு காத்திருக்கிறான். மாமிகள் கைக்குட்டையோடு தயார். நடுவில் அம்போவென்று போகிறவர்கள் திரிகர்த்த ராஜா சுசர்மாவும் தம்பிகளும். சத்தியரதன், சத்தியவர்மன், சத்தியவிரதன், சத்தியேஷு, சத்தியகர்மன். ஒரே வீட்டில் இத்தனை சத்தியம் இருந்தால் சபதம் போடாமல் என்ன செய்வார்கள்?

விராடனின் மாட்டைத் திருடப் போய், பீமனிடம் மாட்டி, தருமர் இரக்கப்பட்டு விட்டதால் பிழைத்த ஆசாமிதான் சுசர்மா. கௌரவர் தளபதி துரோணர் தருமரை உயிரோடு பிடிக்கவேண்டும் என்றால் அர்ச்சுனனை யாராவது தள்ளிக்கொண்டு போகவேண்டும். “நாங்க இருக்கோம்” என்று அண்ணன் தம்பிகள் எழுந்தார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்கினி வளர்த்தார்கள். உடம்பெல்லாம் நெய், இடுப்பில் தர்ப்பை, அதன்மேல் நாண்கயிறு. பசுவும் பொன்னும் தானம். ‘அர்ச்சுனனைக் கொல்லாமல் திரும்பினால் பிரம்மஹத்தி செய்தவனும் குடிகாரனும் வீட்டுக்குத் தீ வைத்தவனும் போகும் லோகத்துக்கே போவோம்’ என்று சத்தியம். நம்பிக் கொடுத்த பணத்தை அமுக்கியவனும் அந்தப் பட்டியலில் உண்டு. சீட்டுக் கம்பெனிகள் வருவதற்கு எவ்வளவோ முன்பே!

அர்ச்சுனன் தேவதத்தத்தை ஊதினான். குதிரைகள் காது விறைத்து, ரத்தம் கக்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தன. ஓடப் பார்த்த படையை, “துரியோதனன் முகத்தில் எப்படி முழிப்பீர்கள்?” என்று சுசர்மா மடக்கினான். அடுத்து வந்தது துவஷ்டாவின் அஸ்திரம். பக்கத்தில் நின்றவனெல்லாம் அர்ச்சுனனாகத் தெரிய, ‘இதோ அர்ச்சுனன்’ என்று தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். சபதத்தின் மேல் அவ்வளவு சிரத்தை.

மறுநாளும் மிச்சமிருந்தவர்கள் அர்ச்சுனனைத் தெற்கே இழுத்துப் போனார்கள். அன்றுதான் அவன் மகன் அபிமன்யு மாண்டான். அர்ச்சுனனைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை கச்சிதமாக முடிந்தது. இவர்கள் சபதம் மட்டும் அப்படியே கிடந்தது. திரும்பி வந்த அர்ச்சுனன், மகன் சாவுக்குக் காரணமான ஜயத்ரதனை நாளை அஸ்தமனத்துக்குள் கொல்லாவிட்டால் தீக்குளிப்பதாகச் சபதம் போட்டான். அந்த ஊரில் அது தொற்றுநோய் போலும்.

கர்ண பர்வத்தில் இவர்கள் தேரில் தாவி ஏறிக் கண்ணன் கையையே பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டான். 18-ஆம் நாள் அர்ச்சுனன் அம்பில் சுசர்மாவும் போய்ச் சேர்ந்தான்.

முருகனிடம் தோற்ற சூரபத்மனுக்காவது சேவலும் மயிலுமாக நிரந்தர உத்தியோகம். கபாலி கோயிலில் வருஷா வருஷம் சூரசம்ஹாரம் வேறு. இவர்களுக்கு எதுவும் இல்லை. பக்கத்துத் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி முகத்துத் தழும்புகளைக் காட்டி ‘பீஷ்மர் அம்பு’ என்கிறார்கள். பீஷ்மர் அடித்தது பத்தே நாள். அதற்குப் பிறகும் விடாமல் அடித்த இவர்கள் கணக்கில் ஒரு கீறல்கூட எழுதப்படவில்லை.