ஏழு திரையும் எலிக்காய்ச்சலும்

வாடா மாப்ள, உக்காரு. மூணே நாள்ல காய்ச்சல் ஓடிப்போச்சாமே! ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்த டாக்டரு விவரங்கெட்டவரு, நீதான் கெட்டிக்காரன். 14 மாத்திரையில 8 மிச்சம் புடிச்சிருக்க. அத வெதநெல்லு மாதிரி அரிசிப் பானைக்குள்ள வேற போட்டு வச்சிருக்கியாம், ஒங்க அம்மா சொன்னா.

தைப்பூசத்துக்கு வருசம் தவறாம வடலூரு போற ஆளாச்சே நீ. மாசப் பூசத்துக்கு ஞான சபையில ஆறு திரையோட சரி. தைப்பூசத்துக்குத்தான் ஏழும் வெலகும். அந்த ஏழாவது திரைக்காகக் கூட்டத்துல நசுங்கிக்கிட்டு நிப்ப. மாத்திரையில மட்டும் மூணாவது திரையிலயே ஜோதி தெரிஞ்சிடுச்சாக்கும்!

ஒனக்கு வந்தது எலிக்காய்ச்சல்டா. கார்த்திகை மழையில, கால் முழுக்க சேத்துப்புண்ண வச்சிக்கிட்டு வயல்ல எறங்குன. எலி மூத்திரம் கலந்த தண்ணி புண்ணு வழியா உள்ள பூந்துடுச்சு. கெண்டக்கால் வலின்னு கத்துனியே, கண்ணு செவந்து கெடந்தியே, அதெல்லாம் அதோட வேலதான். முத்திப்போனா மஞ்சக்காமாலை, கிட்னின்னு இழுத்துட்டுப் போயிடும். அதுக்குத்தான் டாக்ஸிசைக்ளின் கொடுத்தாங்க. மருந்துக்கடையில 'டாக்ஸி'ன்னு சுருக்கிச் சொன்னதும் வாடகைக் காருன்னு நெனச்சிட்ட போல. வடலூருக்குன்னு சிதம்பரத்துல ஏறி கீரப்பாளையத்துலயே எறங்கிட்ட.

அது பெரிய குலத்து மருந்துடா. அந்தக் குலத்துல மூத்தது ஆரியோமைசின், 1948-ல வெளிய வந்துச்சு. அமெரிக்காவுல ஏதோ ஒரு வயக்காட்டு மண்ணுலேர்ந்து அதக் கண்டெடுத்த டகருங்கற விஞ்ஞானிக்கு அப்பவே எழுபது வயசு தாண்டிடுச்சு. கெழவன் பேச்சக் கேளுன்னு நான் சும்மாவா சொல்றேன்? அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை யாரு தெரியுமா? நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில படிச்ச சுப்பாராவ். கதர் போட்டாருன்னு வெள்ளக்காரப் புரொபசர் மொறச்சதுல, எம்.பி.பி.எஸ். கெடைக்காம எல்.எம்.எஸ்.ஸோட போன மனுசன். சேத்துல வந்த நோவுக்கு மண்ணுலயே மருந்து இருந்திருக்கு பாத்தியா. நீ அதக் கொண்டுபோயி அரிசியில பொதச்சு வச்சிருக்க.

சரி, முழுங்குனதாவது ஒழுங்கா முழுங்குனியா? வயித்தெரிச்சல் மருந்தக் கூடவே குடிச்சா ரெண்டும் உள்ளயே கட்டிப் புடிச்சிக்கிட்டு, மாத்திரை ரத்தத்துல சேராது. நீ ரெண்டையும் ஒரே மடக்குல ஊத்திக்கிட்ட. நெறயத் தண்ணி குடிச்சிட்டு அரை மணி நேரம் நிமுந்து உக்காரணும். படுத்தா நெஞ்சுக்குழாயில ஒட்டிக்கிட்டுப் புண்ணாக்கிடும்.

அட்டையில செவப்புக் கோடு பாத்திருப்பியே. டாக்டர் சீட்டு இல்லாமத் தொடாதேன்னு அர்த்தம்; 2016-லயே அரசாங்கம் வெளம்பரம் பண்ணுச்சு. அழகுக்குப் போட்ட ஜரிகைன்னு நெனச்சியா? அடுத்த மாசம் சளி புடிச்சா போட்டுக்கலாம்னு ஒனக்கு ஒரு திட்டம் இருக்கும், எனக்குத் தெரியும். சளி வைரசால வர்றதுடா. அதுக்கு டாக்ஸியும் ஒண்ணுதான், டவுன் பஸ்சும் ஒண்ணுதான். கிருமிங்க மட்டும் சும்மா இருக்காது. இந்த மருந்த எப்புடித் தாங்குறதுன்னு ஒத்திகை பாத்துக்கும்.

எங்க, அந்த அட்டைய எடு, எண்ணுவோம். இதுல 6 தானடா இருக்கு! மிச்சம் ரெண்டு?

யாருக்கு? ஒங்க அத்தைக்கா? மூட்டுவலின்னு கேட்டாளா?

அட பாவி! ராத்திரி அத முழுங்கிட்டு அப்புடியே கட்டைய சாச்சிருக்கா. நேத்துலேர்ந்து என்னையத் திட்டாம நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காளே, கடைசி காலத்துல திருந்திட்டாளோன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன்டா நான்.