ஏழு வாளி வீடு

லண்டனில் ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளை டிசம்பர் லீவுக்கு வந்தால் வீட்டுக்குள் நேராக நுழையாது. வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்க்கும். சுவரை இரண்டு தட்டு தட்டும். பிறகு "ஓ..." என்று ஒரு சத்தம். என் இருபது வருஷ வீட்டுக்கடனுக்கு அந்த 'ஓ'வோடு மரியாதை போச்சு. கறுப்புச் சட்டை, மஃப்ளர், 'ரூம்' என்று சொல்லாமல் 'ஸ்பேஸ்' என்பது இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது உதாரணம். எந்தக் கோளாறைச் சொன்னாலும், அதே கோளாறோடு ஓர் உலகப் புகழ்பெற்ற கட்டடம் கைவசம் இருக்கும்.

"மாடி ஒழுகுதுடா, என்ன பண்ணலாம்?"

"லெ கார்புசியே பாரிஸ் பக்கத்துல 1931-ல முடிச்ச வில்லா சவோயும் ஒழுகிச்சு மாமா. வீட்டுக்கார அம்மா லெட்டர் மேல லெட்டரா போட்டாங்க. ஃபிராங்க் லாயிட் ரைட் அருவி மேல கட்டின வீடும் அப்படித்தான். ஓனரே அதை ஏழு வாளி வீடுன்னார்."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. எங்கள் மாடிக்கு இரண்டு வாளிதான் வைக்கிறோம். இன்னும் ஐந்து வாங்கினால் சரித்திரத்தில் சேர்த்துக்கொள்வார்கள் போல.

ஜன்னல் வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்றாள் பாட்டி. உடனே மீஸ் வான் டெர் ரோ வந்துவிட்டார். ஒரு டாக்டரம்மாவுக்கு நாலு பக்கமும் கண்ணாடியாக வீடு கட்டினாராம். அம்மா வெயிலில் வெந்தாராம். கடைசியில் இரண்டு பேரும் கோர்ட்டில் நின்றார்களாம்.

"யாருக்குடா காசு கிடைச்சுது?"

"கட்டினவருக்குத்தான் பாட்டி."

பாட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

படிப்பு எப்போது முடியும் என்று அத்தான் கேட்டார். மூன்று வருஷம் டிகிரி, ஒரு வருஷம் வேலை, மறுபடி இரண்டு வருஷம், மறுபடி வேலை, அப்புறம் ஒரு பரீட்சை. "பார்சிலோனாவுல 1882-ல ஆரம்பிச்ச சர்ச்ல இன்னும் வேலை நடக்குதுப்பா!" செலவைப் பற்றிக் கேட்டால் சிட்னி ஆபரா ஹவுஸ்: 70 லட்சம் டாலரில் ஆரம்பித்து 10 கோடியைத் தாண்டியதாம். அத்தான் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்கிறேன். இங்கேயே இருந்திருந்தால் ஐந்து வருஷத்தில் பி.ஆர்க். முடிந்திருக்கும். வீடு கட்ட வாங்கிப்போட்ட மனையை விற்றுத்தான் வீடு கட்டும் படிப்புக்கு ஃபீஸ் கட்டுகிறார் மனுஷன். இதற்கு எந்தக் கட்டடம் உதாரணம்?

மழை விட்டதும் கொத்தனார் வந்தார். அரை நிமிஷம் பார்த்தார். "வாட்டம் சரியில்லீங்க. தட்டோட்டைப் பேத்துட்டுத் திரும்பப் பதிக்கணும்."

"வாட்டம்னா?" என்றது பிள்ளை.

கொத்தனார் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிக் காட்டினார். தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் நடுவிலேயே தேங்கி நின்றது. பிள்ளை மஃப்ளரைக் கழற்றி வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொண்டது. இரண்டு நாள் சித்தாளோடு சித்தாளாகத் தட்டோடு சுமந்தது. ஒரு உதாரணமும் சொல்லவில்லை.

கூலி வாங்கும்போது கொத்தனார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி என்ன படிக்குதுங்க?"

"வீடு கட்டப் படிக்குது."

"எத்தனை வருசம்?"

"ஏழு."

கொஞ்சம் யோசித்தார். "அவ்ளோ பெரிய வீடுங்களா?"