குறைபாடு எதுவும் காணப்படவில்லை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

பிரதம சேவை முகாமையாளர் அவர்கள்,
மோட்டார் சைக்கிள் முகவர் நிறுவனம்,
கொழும்பு.
(நிறுவனத்தின் பெயர், உத்தரவாத அட்டையின் நலன் கருதித் தவிர்க்கப்பட்டுள்ளது.)

ஐயா,

விடயம்: வந்து வந்து போகும் ஏ.பி.எஸ். விளக்கு

மேற்படி விடயம் தொடர்பாக முதலில் தங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். என் மோட்டார் சைக்கிளை விட்டுச் செல்லும்போதெல்லாம் அதைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் பூசி, ‘குறைபாடு எதுவும் காணப்படவில்லை’ என்று முத்திரை குத்திய ஜொப் கார்டோடு திருப்பித் தருகிறீர்கள். இவ்வளவு தெளிவான நற்சான்றிதழ் எங்கள் கிராம சேவையாளரிடம்கூடக் கிடைப்பதில்லை. மேலதிகாரியைக் கண்டதும் கோப்பை விரித்துவைக்கும் எழுதுவினைஞரைப் போல, அந்த மஞ்சள் விளக்கும் தங்கள் வாசலில் ஒழுங்காக அணைந்துவிடுகிறது. பம்பலப்பிட்டி தாண்டியதும் மறுபடி எரிவது அதன் தனிப்பட்ட ஒழுக்கக்கேடு. அதற்குத் தங்கள் நிறுவனம் பொறுப்பல்ல என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் காலி வீதியில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. 100ஆம் இலக்க பஸ் நடுவீதியில் நின்று ஆள் ஏற்றுகிறது. பின்னால் வரும் நான் பிரேக்கை அழுத்தும் நேரத்தில், சில்லு இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ். கடமையில் இருக்கிறதா, லீவில் இருக்கிறதா என்பது எனக்கும் தெரியாது, பஸ்ஸுக்கும் தெரியாது. தங்கள் ஜொப் கார்டை மட்டும் நம்பினால் எல்லாம் சுகமே.

தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். சில்லோடு சேர்ந்து சுற்றும் துளை வளையத்தை, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தள்ளி நின்று சென்சர் எண்ணுகிறது. எண்ணிக்கை சடாரென்று விழுந்தால், சில்லு இறுகப் போகிறது என்று விளங்கிக்கொண்டு, பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை ஏ.பி.எஸ். கணினி ஒரு செக்கனுக்குள் பல தடவை விட்டுப் பிடிக்கிறது. அந்த எண்ணிக்கையே நடுவில் அறுந்துபோனால் கணினிக்குச் சந்தேகம் வந்துவிடும். வேலையை நிறுத்தி விளக்கைப் போட்டு, பிழை இலக்கம் ஒன்றை நினைவில் எழுதிவைக்கும். அடுத்த தடவை சாவி போட்டு ஓடும்போது எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் விளக்கை அணைத்துவிடும். பிழை இலக்கம் மட்டும் உள்ளே இருக்கும். வந்து போகும் குறைக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

அந்தச் சாட்சியைத் தங்கள் பட்டறை நடத்தும் விதத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. ஸ்கானரைச் செருகிய தம்பி, திரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

“பிழை ஒண்டு கிடந்தது அண்ணை. கிளியர் பண்ணியாச்சு.”

“என்ன பிழை தம்பி?”

“அதுதான் கிளியர் பண்ணியாச்சே அண்ணை.”

அதன் பிறகு குறைபாடு காணப்படவில்லை. எப்படிக் காணப்படும்?

இரண்டாவது வைத்தியம் இன்னும் சிறப்பு. “முழு ஏ.பி.எஸ். யூனிட்டையும் மாத்திப் பார்ப்பம்” என்றார்கள். விலையைக் கேட்டேன். 2022இல் ரூபா விழுந்த விழுக்காடு முழுவதையும் அந்த ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்கள். ‘பார்ப்பம்’ என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லையாம்.

இந்த இடத்தில் ஒரு முறைப்பாடும் உண்டு. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு உள்ளே ஒரு ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவர் தங்கள் தொழிலுக்குக் குந்தகம் விளைவிக்கிறார். அவரிடம் ஸ்கானர் இல்லை, ஒரு மல்டிமீற்றர் இருக்கிறது. முதலில் ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரி எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்த்தார். சென்சரின் முனையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துணியால் துடைத்தார். சில்லைக் கையால் சுற்றி வளையம் நெளிந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சென்சர் வயரின் இரு முனையையும் கழற்றி மீற்றரைப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பினார். இடப்பக்கம் முழுக்கத் திரும்பியபோது முள் விழுந்தது. “சும்மா கேட்டா சொல்லாது அண்ணே. திருப்பிக்கிட்டே கேட்டாத்தான் சொல்லும்” என்றார்.

டேங்கின் அடியில் இருந்த கொனெக்டரைப் பிரித்தால், ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. மரைன் டிரைவில் இரவு முழுக்க நிறுத்திவைக்கும் வண்டிக்குக் கடல் தரும் அன்பளிப்பு அது. களிம்பைச் சுரண்டி, தளர்ந்த பின்னை இறுக்கி, கிரீஸ் வைத்து, இழுபட்டுக் கிடந்த வயரைச் சற்றுத் தளர்த்திக் கட்டினார். அவர் கேட்ட கூலி, தாங்கள் ஸ்கானர் செருகுவதற்கு எடுக்கும் கட்டணத்தை விடக் குறைவு. இப்படியே போனால் யூனிட்டுகளை யாரிடம் விற்பது?

இந்த விளக்கு நம் ஊருக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1988இல் பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் மோட்டார் சைக்கிளுக்கு ஏ.பி.எஸ். கொண்டுவந்தபோது அது பணக்காரர் சமாசாரம். இந்தியா 2018 ஏப்ரலில் 125 சீ.சீ.க்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் அந்த வகைப் புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்தின் புண்ணியமும் சேர்ந்துதான் நம் ஊர் விளம்பரப் பலகையிலும் அந்த மூன்று எழுத்து ஏறியது. 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் மறுபடி திறந்தது. இடையில் இருந்த வண்டிகளின் வயர்கள் வயதுக்கு வந்து, வயோதிபமும் அடைந்துவிட்டன. அரசாங்கமும் தன் பங்குக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடா வருடம் புகைச் சான்றிதழ் கேட்கிறது. வண்டி எதை ஊதுகிறது என்று பார்க்க ஆள் உண்டு. நிற்குமா என்று கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே தங்கள் மேலான கவனத்திற்கு:

1. பிழை இலக்கத்தை அழிக்க முன் ஜொப் கார்டில் எழுதவும். அச்சு வேண்டாம், பேனா போதும்.

2. விளக்கு எப்போது எரிகிறது என்று கேட்கவும். மழையிலா, குழியில் விழும்போதா, ஹேண்டில் திருப்பும்போதா, ஸ்டார்ட் பண்ணும்போதா? குறையின் பாதி முகவரி அந்தப் பதிலில் இருக்கும்.

3. நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சில்லை ஓடவிட்டால், முன் சில்லு அசையாததைக் கண்டு கணினி புதுப் பிழை ஒன்றை எழுதக்கூடும். அதை எங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

4. யூனிட்டில் கை வைக்க முன் பற்றரி, பியூஸ், சென்சர், வளையம், வயர், கொனெக்டர் ஆகியவற்றைப் பார்க்கவும். மலிவானதிலிருந்து தொடங்குவது குற்றமாகாது.

5. அப்படியும் அகப்படவில்லை என்றால், ‘எங்களால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை; மழையில் கவனம்’ என்று ஒரு முத்திரை செய்விக்கவும். செலவை நானே தருகிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
உத்தரவாதக் காலம் இன்னும் முடியாத ஒரு வாடிக்கையாளர்.

பிரதி: அந்த விளக்கோடு ஓடித் திரியும் அனைவருக்கும். ஓடும்போது அது எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் சில்லு இறுகிச் சறுக்குவதைத் தடுக்க எதுவும் இருக்காது. பஸ்ஸுக்குப் பின்னால் இடைவெளி விடுங்கள். ஸ்கானரில் தெரியும் இலக்கத்தைப் போனில் படம் பிடிக்கும்வரை எவரையும் அழிக்க விடாதீர்கள்.