இரட்டையரின் ஆஜர்

வயிற்றில் ஒரே சிசு இருக்குமாயின், 20 நிமிஷ அவகாசத்துக்குள் அதன் ஹிருதயத் துடிப்பு இரண்டு தடவையாவது 15 எண்ணிக்கை உயர்ந்து 15 விநாடி நிலைத்துவிட்டால் க்ஷேமம் என்று கொள்ளும் ‘என்.எஸ்.டி.’ என்ற பரிசோதனை, இரட்டைக் கர்ப்பிணி கட்டிலில் சாய்ந்த மாத்திரத்தில் தன் கம்பீரத்தை இழந்துவிடுகிறது. துடிப்பைக் கேட்க இரண்டு கருவிகள், கருப்பையின் இறுக்கத்தை அளக்க மூன்றாவது ஒன்று, இவற்றைக் கட்டப் பட்டைகள் என்று சகல சன்னாகங்களுடனும் நர்ஸம்மா ஒரு சிசுவின் துடிப்பைக் கண்டுபிடித்ததும் மற்றதன் துடிப்பு நழுவுகிறது. அதையும் தேடிப் பிடித்து அவர் பெருமூச்சு விட்டு நிமிர்கையில், காகிதத்தில் இரு கோடுகளும் அணுவும் பிசகாமல் ஒன்றாகவே ஓடுகின்றன, அதாவது ஒரே பிள்ளை தனக்கும் சகோதரத்துக்குமாகச் சேர்த்து இரண்டு ஆஜர் கொடுத்திருக்கிறது. சில வேளைகளில் தாயின் நாடியே உள்ளே புகுந்து ஆள்மாறாட்டம் செய்வதும் உண்டு.

தவிர, சிசுவின் நித்திரை 40 நிமிஷம்கூட நீடிக்கலாம். ஒன்று விழிக்கும் முகூர்த்தத்தில் மற்றது உறங்கப் போகிறது. “ஜில்லுன்னு ஜூஸ் குடிம்மா, ரெண்டும் எழுந்துக்கும்” என்கிறார் மாமியார். சர்க்கரையால் இப்பரிசோதனைக்கு அனுகூலம் விளைவதாக ஆராய்ச்சிகள் நிரூபிக்கவில்லை. வாசலிலுள்ள ஜூஸ் கடைக்காரருக்கு விளையும் அனுகூலமோ பிரத்தியக்ஷம்.

இவ்வளவு பிரயாசையில் பிறந்த நீண்ட காகிதத்தை டாக்டரம்மா நொடிப்பொழுது நோக்கி, “நல்லாயிருக்கு, வியாழக்கிழமை வாங்க” என்கிறார். உள்ளே இருப்பவை இரண்டுதான் என்பதில் யாதொரு சந்தேகமும் எழாத ஒரே இடம், பணம் கட்டும் ஜன்னல்.